நெகட்டிவை முதலில்

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்.
கம்மவான்பேட்டையிலிருந்து போன்:
'பாய், சாவி திருப்பினா டிக் டிக்குங்குது.
அதுக்கு மேல ஒண்ணுமில்ல.'

புது பேட்டரியை மொபெட்டின் முன்பலகையில் வைத்து
இரு முழங்கால்களால் அணைத்தபடி போனேன்.
பன்னிரண்டு கிலோ.
கணியம்பாடி தாண்டியதும் தார்
டயரை மனசில்லாமல்தான் விட்டது.

பேட்டரியைக் கொல்வது குளிர் என்று
இங்கே பாதிப் பேர் நம்புகிறார்கள்.
மார்கழி விடியலில் ஏலகிரி மேலே
வண்டி எழும்பாமல் கிடந்த கதை
ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள்.
கொன்றது சித்திரை.
மார்கழி வந்து
சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான்.

தகர ஷெட்டுக்குள் வெள்ளைக் கார்.
பானெட்டைத் தூக்கக் கையில் துணி சுற்ற வேண்டியிருந்தது.
பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாக
முகம் கழுவாத கண்ணில் பீளை போல ஒரு பூப்பு.
மூடிகளைத் திருகினேன். ஆறு அறைகள்.
நான்கில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே.
பாலாற்றை உவமை சொல்ல மாட்டேன்,
இந்த ஊரில் அது சொல்லிச் சொல்லிப் புளித்தது.

மீட்டர் பன்னிரண்டு புள்ளி நாலு காட்டியது.
'நல்லாத்தானே இருக்கு?' என்றான் புருஷோத்தமன்.
பதினாலு மாசம் கழித்து லே பக்கமிருந்து
லீவில் வந்தவன்.
'சும்மா இருக்கறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார்.
சுமை ஏத்திப் பாக்கணும்.'

லோடு டெஸ்டரின் கவ்விகளை மாட்டிப்
பத்து எண்ணினேன்.
சுருள் காய்ந்து இஸ்திரிப் பெட்டி வாசம் அடித்தது.
முள் ஒன்பது, எட்டு, ஏழு,
அங்கேயும் நிற்கவில்லை.

அவன் சிரித்தான்.
'எங்க இடத்துல ராத்திரி மைனஸ் இருபத்தஞ்சு, பாய்.
பேட்டரியைக் கழட்டி உள்ள கொண்டாந்து
தலைமாட்டுல வச்சுக்குவோம்.
சார்ஜ் இல்லாம வெளியே விட்டா
உறைஞ்சு டப்பாவே விண்டுபோகும்.
கூட ஒரு நாகாலாந்துப் பையன்,
அதுக்குக் கம்பளி போத்துவான்.'

கதவோரம் லோகேஸ்வரி கேட்டுக்கொண்டு நின்றாள்.
அவள் பக்கம் திரும்பினான்:
'ஞாயித்துக்கெழம பத்து நிமிஷம்
ஸ்டார்ட் பண்ணி வைன்னேனே?'
'வச்சேன்.
ஒரு வாரம்கூட விடல.'

நான்தான் குறுக்கே விழுந்தேன்.
நின்ற இடத்தில் உறுமுகிற வண்டி
வாங்கிய கடனை முழுசாக அடைக்காது.
ஓட்டணும். அரை மணியாவது.
ஆரணி ரோட்டில் கண்ணமங்கலம் வரை போய் வந்தால் போதும்.
'இவளுக்கு ஓட்டத் தெரியாதே' என்றான்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டுநர் சீட்டைப் பார்த்தேன்.
அவன் காலுக்கு ஆகாத அளவு
நாலைந்து பல் முன்னால் தள்ளியிருந்தது.
கிளட்ச் எட்டவா, வேறு எதற்குமா,
பேட்டரிக்காரன் கேட்கிற கேள்வி இல்லை.

'எதை முதல்ல கழட்டணும்?' என்றாள்.
பத்தாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினேன்.
'நெகட்டிவ், கறுப்பு. மாட்டும்போது அதுதான் கடைசி.'
இரும்பும் வளையலும் சேர்ந்து தொட்டால்
பொறி பறக்கும் என்று
நான் இன்னும் சொல்லவே இல்லை.
அவள் வளையல்களைக் கழற்றி
ஷெட் கம்பியில் மாட்டிவிட்டு வந்தாள்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது.
டாஷ்போர்டு கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
அதைச் சரிசெய்யும் பட்டனை அவன் தேடினான்,
நிறைய நேரம் தேடினான்.
ஜன்னல் வழியே கை நீட்டி
ரேடியோவுக்கு அடியில் அவள் அழுத்தினாள்.
மணி மூன்று நாற்பது.

வாரன்ட்டி அட்டையில் தேதி எழுதினேன்.
பேர் என்று இருந்த இடத்தைக் காலியாக விட்டு
அவர்களிடமே கொடுத்தேன்.
பழையதற்கு எழுநூறு கழித்தேன்.

திரும்பும்போது முழங்கால்களுக்கு நடுவே அது.
வெயில் இன்னும் இறங்கவில்லை.
செத்ததும்
கிட்டத்தட்ட அதே கனம்தான்.